உள்ளான் காலில் ஒரு கடிதம்

சுவாமிமலைக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? இதுவரை போகாதவர்கள் கும்பகோணத்தில் இறங்கி, மேற்கே சுமார் நான்கு மைல் போனால் போதும். தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் வருஷத்துக்கு ஒன்றாக அமைந்த அறுபது படிகளை ஏறி, சுவாமிநாதன் சந்நிதியில் நின்று பாருங்கள். முருகனுக்கு எதிரே வழக்கமாக நிற்கும் மயிலைக் காணோம்! அந்த இடத்தில் யானை நிற்கிறது. தேவேந்திரன் கொடுத்த ஐராவதம் என்று சொல்லுவார்கள்.

மயில் இல்லாத முருகன் ஊராயிற்றே என்று பறவைப் பிரியர்கள் மனம் சோர வேண்டாம். படி இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, காவிரிக் கரையோடு வயல் வெளிக்கு வாருங்கள். ஐப்பசி மழை சற்றே விட்டிருக்கும். சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடித்திருக்கும். வரப்பின்மேல் வாலை ஆட்டி ஆட்டி ஓடுகிறதே, அது வாலாட்டிக் குருவி. மின்சாரக் கம்பியில் வரிசையாக, கத்தரி போல் பிளந்த வாலோடு உட்கார்ந்திருப்பவை தகைவிலான்கள். சேற்றில் கால் வைக்கப் போகிறீர்கள். காலடியிலிருந்து 'கிறீச்' என்று கத்திக்கொண்டு ஒன்று எழும்பி, இப்படியும் அப்படியுமாக வளைந்து பறந்து அடுத்த வயலில் போய் விழுகிறதே, அதுதான் உள்ளான். நீளமான அலகைச் சேற்றுக்குள் ஊசி போல் குத்திப் புழு எடுத்துத் தின்னும் பறவை. அது எழும்பும் வரையில் அங்கே இருப்பதே தெரியாது.

நாற்றங்காலில் நிற்கும் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: "ஏன் பெரியவரே, கோடையிலே இந்த உள்ளான் எங்கே போகிறது?"

"அதை யார் கண்டா தம்பி? புரட்டாசி ஐப்பசியிலே வருது, பங்குனியிலே காணாமப் போவுது. வந்த வழியே போவுதோ என்னமோ!" என்பார்.

சரியான பதில்தான். ஆனால் அந்த வந்த வழி எது? அதைக் கண்டுபிடிக்க உலகத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. நம்முடைய தஞ்சைத் தரணியும் அந்த ஆராய்ச்சியில் பெரிய பங்கு கொண்டிருக்கிறது. ஆனால், நேயர்களே, அந்த ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. முடிப்பதற்கு வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்லுகிறேன்.

சத்திமுற்றத்துப் புலவரும் ஸ்வீடன் பாதிரியாரும்

சுவாமிமலைக்குத் தெற்கே இரண்டு மூன்று மைலில் பட்டீசுவரம். அதை ஒட்டினாற்போல் சத்திமுற்றம். இந்தச் சின்னஞ்சிறு ஊரில் பிறந்த புலவர் ஒருவர் வறுமை தாங்காமல் மதுரைக்குப் போனார். அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது வானத்தில் நாரை ஒன்று பறந்தது. அதை அழைத்து, ஊரிலே காத்திருக்கும் தம் மனைவிக்குத் தூது சொல்லச் சொன்னார். சத்திமுற்றத்துப் புலவரின் அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போடாத தமிழர் குறைவு.

பாட்டின் சோகத்தில் நாம் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அந்த நாரை தென்கோடிக்குப் போய்விட்டுத் துணையோடு வடதிசை திரும்பும் பறவை என்பது புலவருக்குத் தெரிந்திருக்கிறது! குளிர்காலத்தில் தெற்கே வரும், பிறகு வடக்கே போகும் என்ற வலசை ரகசியத்தை, ஏழைப் புலவர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

மேல்நாட்டில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள், தெரியுமா? தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் பொந்துகளுக்குள் ஒளிந்துகொண்டு கிடக்கும் என்று எழுதி வைத்தார் மேதை அரிஸ்டாட்டில். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் தேசத்துப் பாதிரியார் ஒலாஸ் மாக்னஸ் அதற்கும் ஒருபடி மேலே போனார். அவை ஏரித் தண்ணீருக்கு அடியில் கும்பலாகத் தூங்குகின்றன என்றும், செம்படவர்கள் வலை வீசினால் மீனோடு குருவியும் வரும் என்றும் படம் போட்டே காட்டிவிட்டார்!

இந்தக் கதைகளுக்கு முற்றுப்புள்ளி வைக்க ஒரு நாரையே நேரில் வந்து சாட்சி சொல்லிற்று. 1822-ல் ஜெர்மனியில் செங்கால் நாரை ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் கழுத்தில் நீளமான ஈட்டி ஒன்று பாய்ந்து நின்றது. மரத்தைப் பார்த்தால் அது ஆப்பிரிக்கா கண்டத்து ஈட்டி! கழுத்தில் குத்திய ஈட்டியோடு அந்த ஜீவன் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து, தன் கூடு இருந்த ஊருக்கே திரும்பியிருக்கிறது. பாடம் செய்த அந்த நாரையை இன்றும் ராஸ்டாக் சர்வகலாசாலையில் பாதுகாத்து வருகிறார்கள்.

ஆனால் எல்லாப் பறவையும் கழுத்தில் ஈட்டியோடு வராதே! ஆபத்து இல்லாத அடையாளம் ஒன்று வேண்டும். டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் அதற்கு வழி கண்டார். 1899-ல் மைனா இனத்துப் பறவைகளைப் பிடித்து, நம்பரும் ஊர்ப் பெயரும் பொறித்த இலேசான அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். குழந்தைக்குக் கொலுசு போடுவது போல்தான். எங்காவது யார் கையிலாவது அந்தப் பறவை அகப்பட்டால், நம்பரைப் பார்த்து எழுதினால் போதும். எங்கிருந்து எங்கே வந்தது என்பது தெரிந்துவிடும். அவ்வளவு எளிய யுக்தி! ஜெர்மனியில் கூட்டுக் குஞ்சாக இருந்தபோது வளையம் பூண்ட செங்கால் நாரை ஒன்று பிறகு நமது ராஜஸ்தானத்துப் பிகானீரில் அகப்பட்டது. சத்திமுற்றத்துப் புலவர் சொன்ன வடதிசை எவ்வளவு நீளமானது, பார்த்தீர்களா?

மாமன் வீட்டுப் பையன்

இந்தியாவில் இந்த வேலையைப் பெரிய அளவில் நடத்தியவர் டாக்டர் சாலிம் அலி. 1896-ல் பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்த பையன். மாமன் கொடுத்த காற்றுத் துப்பாக்கியால் குருவி சுடுவதுதான் அப்போது அவருக்குப் பொழுதுபோக்கு.

ஒருநாள் விழுந்த சிட்டுக் குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால், கழுத்தில் மஞ்சள் பூசினாற்போல் ஒரு புள்ளி. இது என்ன குருவி, இதைத் தின்னலாமா என்று மாமனைக் கேட்டான். மாமனுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் காரியதரிசி மில்லர்ட் துரையிடம் அனுப்பினார். துரை பையனை விரட்டவில்லை. பாடம் செய்த பறவைகள் நிறைந்த அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். சுடுவதற்காகக் குருவியைப் பார்த்த கண்கள் அன்றிலிருந்து தெரிந்துகொள்வதற்காகப் பார்க்கத் தொடங்கின. பின்னாளில் தம் சுயசரிதைக்கே 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்றுதான் பெயர் வைத்தார் சாலிம் அலி. அது 1985-ல் வெளிவந்தது.

ஆனால் பறவை பார்ப்பது வயிற்றுக்குச் சோறு போடுமா? சர்வகலாசாலைப் பட்டம் இல்லாததால் விலங்கியல் துறை உத்தியோகம் கிடைக்கவில்லை. பர்மாவில் அண்ணனோடு சேர்ந்து செய்த வியாபாரமும் நொடித்தது. ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பறவை சாஸ்திரம் கற்றார். ஹெலிகோலாந்து தீவில் வளையமிடும் வித்தையையும் பார்த்து வந்தார். 1930-ல் திரும்பி வந்தபோது, முன்பு மியூசியத்தில் பார்த்த வேலையும் இல்லாமற் போயிருந்தது!

மனைவி தெஹ்மினா மட்டும் கலங்கவில்லை. பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹீம் என்ற கடலோரக் கிராமத்தில் சின்ன வீடு. அங்கே கண்ணெதிரே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையில்லாத மனிதர் நாளெல்லாம் உட்கார்ந்து அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி வைக்கும். பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால் குடியேறும். அப்புறம் ஆண் குருவி மிச்சத்தைக் கட்டி முடித்து, அடுத்த கூட்டுக்கு அஸ்திவாரம் போடப் போய்விடும், அடுத்த மனைவிக்காக! நம் ஊர்க் கிணற்றடியில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்த குருவியின் குடும்ப ரகசியத்தை, பொறுமையாக உட்கார்ந்து பார்த்த ஒருவர்தான் உலகத்துக்குச் சொன்னார். 1941-ல் வந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' என்ற புத்தகம் எத்தனையோ வீடுகளில் பறவைப் பித்தை மூட்டிவிட்டது.

குரங்குக் காய்ச்சலும் கொசுவலையும்

வளையம் போடும் வேலை நம் நாட்டில் 1920-களிலேயே தொடங்கியதுதான். ஆனாலும் அதைப் பெரிதாக நடத்தப் பணம் இல்லை. அந்தப் பணம் எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து வந்தது. 1957-ல் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. காட்டுக்குள் விறகு வெட்டப் போனவர்களுக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது, பலர் மாண்டார்கள். பூனாவிலுள்ள வைரஸ் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து பார்த்ததில், காய்ச்சலைப் பரப்புவது காட்டு உண்ணி என்று தெரிந்தது. அதன் கிருமியோ ருஷ்யாவில் காணப்பட்ட மூளைக் காய்ச்சல் கிருமிக்கு உறவாக இருந்தது!

சைபீரியாவுக்கும் ஷிமோகாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆண்டுதோறும் அங்கிருந்து இங்கே வருபவை பறவைகள்தானே, அவை சிறகுக்குள் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் உதவிக்கு வந்தது. 1959-லிருந்து சாலிம் அலியின் தலைமையில் பம்பாய்ச் சங்கம் பறவைகளைப் பிடித்து, உண்ணி எடுத்து, வளையம் போடத் தொடங்கியது. முடிவில் பறவைகள்மேல் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. பின்னர் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவிலிருந்தும் இதற்குப் பணம் வந்தது. அதன் காரணமாக 1970-களில் பத்திரிகைகளில் புயல் கிளம்பி, விஷயம் பார்லிமெண்டுக் குழு வரையில் போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த வருஷங்களில் சேர்ந்த வளையக் கணக்கு, இந்திய வலசைப் பறவைகளைப் பற்றி அதற்கு முன் யாரும் அறியாத செய்திகளைத் தந்தது.

பறவையைப் பிடிப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கண்ணுக்கே தெரியாத மெல்லிய நூல் வலை. கொசுவலையை இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டி விட்டாற்போல் இருக்கும். பறவை தெரியாமல் வந்து மடிப்பில் விழும். இன்னொன்று, பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள். பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். எந்தப் பறவை எங்கே இறங்கும், எந்தச் சத்தத்துக்கு ஏமாறும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கரதலப்பாடம். பிடித்து விற்ற கைகளே பிடித்து, வளையம் போட்டு, பறக்க விடும் கைகளாயின. படித்த விஞ்ஞானியும் படிக்காத வேடரும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

பூங்குழலியின் கோடிக்கரை

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடிக்கரையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பூங்குழலி படகு விட்ட இடம். குழகர் கோயில் இருக்கும் இடம். காவிரிச் சமவெளி கடலுக்குள் மூக்கு நீட்டும் முனை அது. ஒருபக்கம் வங்காள விரிகுடா, ஒருபக்கம் பாக் ஜலசந்தி. நடுவே வெளிமான்கள் துள்ளும் புல்வெளியும் முட்காடும். மேற்கே மைல் கணக்கில் வேதாரண்யத்து உப்புச் சதுப்பு.

1962-ல் சாலிம் அலி இந்த இடத்தின் பெருமையை உணர்ந்து, இதைச் சரணாலயமாக்க வேண்டுமென்று சொன்னார். 1967-ல் அப்படியே ஆயிற்று. குளிர்காலத்தில் வரும் கூட்டத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். தூரத்தில் ரோஜா நிறக் கோடு போட்டாற்போல் பூநாரைகள். அருகே சேற்றில் ஆயிரக்கணக்கில் ஓடித் திரியும் உள்ளான் ஜாதிகள். அவற்றில் ஒன்று கொசு உள்ளான். பெயருக்கேற்ற உருவம்! எடை மூன்று பவுன் தங்கத்துக்கு மேல் இராது. இன்னொன்று அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளான். அதன் எடை ஏழு பவுன் அளவு. இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் சைபீரியாவின் வடகோடியில், வடதுருவக் கடலோரத்து உறைபனி வெளி. அங்கிருந்து கோடிக்கரை நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 4,500 மைல்.

ஏன் இவ்வளவு தூரம்? அந்த வடகோடியில் கோடை வந்தால் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. பனி உருகிய சதுப்பில் பூச்சிகள் கோடி கோடியாகப் பெருகும். குஞ்சுகளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் சாப்பாட்டுப் பந்திதான். ஆனால் கோடை இரண்டே மாதம். பிறகு எல்லாம் கல்லாக உறைந்துவிடும். அலகைக் குத்துவதற்கு ஈரச் சேறு வேண்டும் என்றால் தெற்கே வந்துதான் ஆக வேண்டும். நம்முடைய வடகிழக்குப் பருவமழையும் காவிரித் தண்ணீரும் சேர்ந்து, சரியாக அந்தச் சமயத்தில் இங்கே சேற்றைத் தயார் செய்து வைத்திருக்கின்றன.

பிடித்த பறவையை நிறுத்துப் பார்த்தபோது இன்னொரு ரகசியம் தெரிந்தது. வந்து சேரும்போது எலும்பும் தோலுமாக இருக்கும் பறவை, புறப்படும் காலத்தில் கொழுகொழு என்றாகிவிடுகிறது. வழியில் ஹோட்டல் கிடையாதே! அதனால் கட்டுச்சோற்றைத் தோலுக்கடியில் கொழுப்பாகக் கட்டிக்கொண்டு கிளம்புகிறது. சில ஜாதிகளின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். இங்கே வயிறு நிரம்பாத பறவை, பாதி வழியில் விழுந்து சாகும். கோடிக்கரைச் சேற்றில் புழு குறைந்தால், சைபீரியாவில் குஞ்சு குறையும்!

வளையம் சொன்ன வேறொரு செய்தி: ஒருமுறை கோடிக்கரையில் வளையம் பூண்ட பறவைகளில் சில, பின்வந்த வருஷங்களில் அதே கோடிக்கரையில் மறுபடியும் வலையில் விழுந்தன. இத்தனை பெரிய உலகத்தில் போன வருஷம் தங்கிய அதே சேற்றுக்கு, விலாசம் தெரிந்த விருந்தாளி போல் வந்து சேர்ந்திருக்கின்றன.

வழி காட்டுபவர் யார்? தாய் தகப்பன் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. இந்த வளைந்த அலகு உள்ளானில் தகப்பன் முதலில் கிளம்பிவிடும், பிறகு தாய், அந்த வருஷத்துக் குஞ்சுகள் வாரக்கணக்கில் கழித்துத் தாமாகவே புறப்பட்டு வருகின்றன. பார்த்தே இராத ஊருக்கு, வழித்துணை இல்லாமல்! பகலில் சூரியன், இரவில் நட்சத்திரம், பூமியின் காந்த சக்தி ஆகிய மூன்றையும் பறவைகள் திசை அறியப் பயன்படுத்துவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 1960-களில் அமெரிக்க விஞ்ஞானி எம்லன், செயற்கை வானம் காட்டும் மண்டபத்துக்குள் குருவிகளை விட்டுப் பார்த்தார். நட்சத்திரங்களை அவர் திருப்பி வைத்தபோது குருவிகளும் திசையைத் திருப்பிக்கொண்டன. 2022-ல் அலாஸ்காவில் கிளம்பிய உள்ளான் உறவுக்காரப் பறவை ஒன்று, வயது ஐந்து மாதம், எங்கும் இறங்காமல் பதினொரு நாளில் 8,400 மைலுக்கு மேல் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. முதுகில் பொருத்திய சிறு கருவி சாட்டிலைட் மூலம் அந்தக் கணக்கைச் சொல்லிற்று.

சாலிம் அலி 1987-ல் காலமானார். அவர் ஆரம்பித்த வேலை நிற்கவில்லை. பம்பாய்ச் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பாலச்சந்திரன், கோடிக்கரையில் பல வருஷங்கள் வளையப் பணி செய்தவர். இந்திய நாட்டில் சேர்ந்த வளையக் கணக்குகளையெல்லாம் திரட்டி, அவரும் சகாக்களும் 2018-ல் பறவை வலசைப் படத் தொகுதி ஒன்று வெளியிட்டிருக்கிறார்கள்.

வண்டலும் வளையமும்

சுவாமிமலை ஸ்தபதிகளின் கைவண்ணம் உலகப் பிரசித்தம். மெழுகில் சிலை பிடித்து, அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசிக் கருக்கட்டுவார்கள். பிறகு மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகில் இருந்த நகக்குறிகூட உலோகத்தில் வரவேண்டுமென்றால் அந்த வண்டல்தான் வேண்டும் என்பார்கள். அதே காவிரி மண்தான் உள்ளானுக்கும் சோறு போடுகிறது. மேட்டூரில் மதகைத் தூக்கினால், அந்தத் தண்ணீர் வயலுக்கு மட்டுமா போகிறது? கால்வாய் வழியாக வடுவூர் ஏரிக்கும், உதயமார்த்தாண்டபுரத்து ஏரிக்கும், கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி ஏரிக்கும் போகிறது. மூன்றும் இன்று பறவைச் சரணாலயங்கள். கரைவெட்டிக்கு, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் விருந்துக்கு வருகின்றன. கடைசியில் மிச்சம் மீதித் தண்ணீரும் மழை வெள்ளமும் வேதாரண்யச் சதுப்பில் போய் விழுந்து, அங்கே உப்பைக் கொஞ்சம் தணித்து, புழு பூச்சிகளுக்கு உயிர் கொடுக்கின்றன.

ஆகவே ஆற்றில் தண்ணீர் குறைந்தால் விவசாயியின் நெஞ்சு மட்டும் காய்வதில்லை. நல்ல தண்ணீர் வரத்து மாறியதும், உப்பளங்கள் பெருகியதும், முன்பு கண்ட பெருங்கூட்டங்கள் கோடிக்கரையில் குறைந்துபோனதற்குக் காரணங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்த வளைந்த அலகு உள்ளானை, அழியும் ஆபத்துக்கு உள்ளான பறவைகளின் பட்டியலில் 2024-ல் சேர்த்துவிட்டது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். கொசு போல் மொய்த்த கூட்டம் குறைகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் நமக்குத் தெரிந்தது. எண்ணாமல் விட்டிருந்தால், "முன்னெல்லாம் நிறைய வரும்" என்ற பெருமூச்சோடு போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் நம் பக்கத்துச் சாலை ஓரங்களில் கால் கட்டிய கொக்கும் மடையானும் உள்ளானும் விலைக்கு வருவதைப் பார்த்திருக்கலாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 4,500 மைல் பறந்து வந்து, இங்கே வயிறு நிரப்பித் திரும்ப வேண்டிய பறவை, கண்ணியில் சிக்கிச் சட்டிக்குப் போனால், அதன் காலில் இருந்த வளையம் என்ன ஆகும்? அடுப்பங்கரைச் சாம்பலோடு குப்பைமேட்டுக்குப் போகும். ஒரு விஞ்ஞானி விடியற்காலைப் பனியில் நின்று, பிடித்து, நிறுத்து, நம்பர் எழுதி அனுப்பிய கடிதம், படிக்கப்படாமலே கிழிந்துபோகும்.

வளையம் பூண்ட நூறு பறவைகளில் ஒன்றைப் பற்றிக்கூடத் தகவல் திரும்புவது அபூர்வம். அந்த ஒன்றை அனுப்புகிறவர்கள் யார்? பெரும்பாலும் விஞ்ஞானிகள் அல்லர். வயலில் செத்துக் கிடந்ததை எடுத்த விவசாயி, வலையைப் பிரித்த மீனவர், கேமராவோடு அலைந்த கல்லூரி மாணவன், இப்படிப்பட்டவர்கள்தான்.

மனம் மாறினால் ஊரே மாறும் என்பதற்கு நாகாலாந்து சாட்சி. 2012-ல் அங்கே டோயாங் நீர்த்தேக்கத்தருகே, ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் இறங்கும் அமுர் வல்லூறுகளை ஆயிரமாயிரமாக வலை போட்டுப் பிடித்து விற்றார்கள். செய்தி வெளியே வந்து நாடே பதறிற்று. மறு வருஷம் அதே கிராமத்தார் வலைகளைச் சுருட்டிவிட்டார்கள். சாட்டிலைட் கருவி பூட்டிய வல்லூறுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்து வழியனுப்பினார்கள். நாகாலாந்துக்கு முடிந்தது, நாரையைத் தூது விட்ட புலவர் பிறந்த நாட்டுக்கு முடியாதா?

நீங்கள் செய்ய வேண்டியது மிகவும் சுலபம். வயலிலோ ஏரிக்கரையிலோ செத்த பறவை கிடந்தால், காலை ஒருமுறை பாருங்கள். வளையம் இருந்தால், அதிலுள்ள எழுத்தையும் நம்பரையும் ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எப்படிக் கிடைத்தது என்று எழுதி, வளையத்தையும் சேர்த்து மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றவே கூடாது. நம்பரைக் குறித்துக்கொண்டு பறக்க விட்டுவிடுங்கள். இப்போது சில பறவைகளின் காலில் எழுத்துப் பொறித்த வர்ணக் கொடியும் மாட்டுகிறார்கள். பிடிக்கவே வேண்டாம், தூரத்திலிருந்து டெலிபோன் கேமராவில் ஒரு படம் எடுத்தாலே போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சத்திமுற்றத்துப் புலவர் நாரையிடம் சொல்லி அனுப்பிய சேதி அவர் மனைவிக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, நமக்குத் தெரியாது. ஆனால் சைபீரியாவிலோ மங்கோலியாவிலோ கோடிக்கரையிலோ யாரோ ஒருவர் பறவையின் காலில் கட்டி அனுப்பும் சேதி, இந்த ஐப்பசியிலும் நம் வயலில் வந்து இறங்கத்தான் போகிறது. அதற்குப் பதில் போடவேண்டியவர்கள் நாம்தான்.